பத்தாவது எழுதின பையனை ரெண்டு மாசம் கடையில வைக்கலாமா?

கீழமாசி_மளிகை

மொத்த மளிகைக் கடை, காலை 9 முதல் ராத்திரி 9.30 வரை. கடையில கூட்டிப் பெருக்குற அம்மாவோட பையன் பத்தாவது எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கான், 15 வயசு முடிஞ்சிருச்சு. ஜூன் வரைக்கும் கடையில நிக்கட்டும்னு அந்தம்மா கேக்குறாங்க. வேலைன்னா பொட்டலம் போடுறது, எடை போடுறது, லாரி வந்தா மூட்டை இறக்குறது. 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தா பையன் சம்பளத்துல கழிச்சுக்கலாம்னும் சொல்றாங்க. 18 ஆகாம கடைக்குள்ளயே விடக்கூடாதுன்னு சங்கத்துல ஒருத்தர் சொல்றார், 14 முடிஞ்சா போதும்னு இன்னொருத்தர். எது சரி? வைக்கலாம்னா என்னென்ன எழுதி வைக்கணும்?

சட்டப்படி

அண்ணாச்சி, ரெண்டு பேர் சொன்னதும் பாதிதான் சரி. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல திருத்துன பிறகு, 14 வயசு முடியாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. 14 முடிஞ்சு 18 ஆகாதவங்களுக்கு ‘வளரிளம் பருவத்தினர்’னு தனிக் கணக்கு. சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள், அபாயகரமான தொழில்முறைகள், இதுல எல்லாம் அவங்களுக்கும் தடை. மளிகைக் கடை அதுல வராது. ஆனா தீபாவளிக்குக் கடையிலயே பட்டாசு வித்தீங்கன்னா கதை மாறிரும். அப்ப 18-க்குக் கீழ யாரும் இருக்கக்கூடாது.

இனி நேரம். இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க. தொடர்ந்து மூணு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது. மூணு மணி நேரம் ஆனா குறைஞ்சது ஒரு மணி நேரம் ஓய்வு. ஓய்வும் சும்மா காத்திருக்கிற நேரமும் சேர்த்து மொத்தம் ஆறு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ராத்திரி 7 முதல் காலை 8 வரை வேலையே கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. கணக்குப் போட்டா 10 முதல் 1, சாப்பாடு, 2 முதல் 4. அஞ்சு மணி நேர வேலை, அவ்வளவுதான். கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ல இளையவங்களுக்கு ஏழு மணி நேரம்னு இருக்கிறதைக் காட்டி சிலர் வாதாடுவாங்க. அதை நம்பாதீங்க, ரெண்டுல கடுமையா இருக்கிறதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் பாதுகாப்பு.

எழுத்து வேலை:
– வேலைக்கு வச்ச 30 நாளுக்குள்ள தொழிலாளர் ஆய்வாளருக்குக் கடிதம்: கடை பேரு, முகவரி, பொறுப்பாளர் பேரு, என்ன வேலை. எங்க கொடுக்கணும்னு தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துல கேட்டா சொல்லிருவாங்க.
– ஒரு பதிவேடு: பேரு, பிறந்த தேதி, வேலை நேரம், இடைவேளை, வேலையோட தன்மை.
– வாரத்துல ஒரு முழு நாள் லீவு. எந்தக் கிழமைன்னு எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி எழுதி மாட்டணும், மூணு மாசத்துக்குள்ள ஒரு தடவைக்கு மேல மாத்தக்கூடாது.
– அந்த 1986 சட்டத்தோட 3ஏ, 14-ம் பிரிவுகளின் சுருக்கம் தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் சுவத்துல இருக்கணும்.

இதை விட்டாலே ஒரு மாசம் வரை சிறை, 10,000 வரை அபராதம், இல்ல ரெண்டும். 14 முடியாத பிள்ளையை வச்சா ஆறு மாசம் முதல் ரெண்டு வருஷம் வரை சிறை, இல்ல 20,000 முதல் 50,000 வரை அபராதம், இல்ல ரெண்டும்.

பதிவேடு_பாருங்க

மேல சொன்னதோட ரெண்டு சேர்த்துக்கோங்க. வயசுக்கு ஆதாரை மட்டும் நம்பாதீங்க. பிறந்த வருஷம் மட்டும் சொல்லி எடுத்த அட்டையில ஜனவரி 1-னு விழுந்திருக்கும். பிறப்புச் சான்றிதழ், இல்லன்னா பள்ளிச் சான்றிதழ் நகல் வாங்கிப் பதிவேட்டோடயே வைங்க.

முன்பணம் வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. கடனை உழைச்சுக் கழிக்க வைக்கிறதுதான் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடுக்கிற விஷயமே. அதுக்கு மேல, 2015 சிறார் நீதிச் சட்டம் 79-ம் பிரிவுல 18 ஆகாதவங்க எல்லாருமே குழந்தைதான். பிள்ளையை வேலைக்காகப் பிடிச்சு வச்சாலும், சம்பளத்தை நிறுத்தி வச்சாலும் அஞ்சு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். அந்தம்மாவுக்கு நெருக்கடின்னா அவங்க சம்பளத்துக்கு எதிரா, அவங்க பேர்ல தனியா கொடுங்க. பையன் கணக்கோட கலக்காதீங்க. பத்து வயசு தாண்டின மைனர் தன் பேர்லயே சேமிப்புக் கணக்கு வச்சுக்கலாம், சம்பளம் நேரா அங்க போகட்டும்.

மூட்டை வேலையை இப்பவே எடுத்துருங்க. 50 கிலோ அரிசி மூட்டை பிடரியில உக்காரும்போது முதுகு வளையுற விதத்தைப் பாத்தாலே தெரியும், அது வளர்ற உடம்புக்கானது இல்ல. வத்தல் மூட்டை பிரிக்கிற பக்கமும் நிறுத்தாதீங்க, அந்த நெடி நெஞ்சைப் பிடிக்கும். எடை, பொட்டலம், சிட்டை எழுதுறது போதும்.

பள்ளிக்கூடம்_முதல்ல

சட்டம் விடுதுங்கிறதுக்காக வைக்கணுமா? என் கருத்து, வேண்டாம். கடைக்கு ஆள் தேவைப்படுறதே சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கூட்டம் ஏறும்போது. சட்டம் பையனை வீட்டுக்கு அனுப்பச் சொல்றதும் அதே நேரம். மொத நாள் நாலு மணிக்கு அனுப்புவீங்க. லோடு வர்ற அன்னைக்கு "இன்னும் அரை மணி நேரம் இருடா"ம்பீங்க. இப்படித்தான் ரெண்டு மாச வேலை ரெண்டு வருஷமாகுது. ஒரு பாடத்துல போச்சுன்னா துணைத்தேர்வுக்கு உடனே விண்ணப்பிக்கணும். கையில வாரக்காசு புழங்குற பையன் அந்தத் தேதியைத்தான் முதல்ல தவற விடுவான். மறுபடி வகுப்புல கொண்டுபோய் உக்கார வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

சட்டப்படி

அந்தப் பயம் நியாயமானது. ஆனா வேண்டாம்னு அனுப்புனா பையன் வீட்ல படிச்சுக்கிட்டு இருக்கப்போறதில்ல. யாரும் நேரம் பாக்காத இடத்துக்குப் போவான், மேலூர்ப் பக்கம் கல் குவாரி வரைக்கும். அதுவும் சட்டப்படி சுரங்கம்தான், 18-க்குக் கீழ வேலைக்கு வைக்கவே கூடாது, ஆனா ஆள் எடுக்கிறவன் வயசு கேக்க மாட்டான். அதனால முடிவுத் தேதியைப் பதிவேட்டுலயே எழுதுங்க: பள்ளி திறக்கிறதுக்கு முந்தின வாரம். ரிசல்ட் வந்த அன்னைக்கு லீவு கொடுத்து, பிளஸ் ஒன், பாலிடெக்னிக், புதூர் அரசு ஐடிஐ, எதுல சேர்றான்னு அந்தம்மாகிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

கீழமாசி_மளிகை

நன்றி. முன்பணமும் மூட்டையும் கிடையாது, 10 முதல் 4 மட்டும்னு சொல்லிட்டேன். இன்னொண்ணு: 12 வயசு என் மகன் லீவுல கல்லாப்பெட்டி பக்கம் உக்காருவான். அதுவும் தப்பா?

பதிவேடு_பாருங்க

சொந்தக் குடும்பத் தொழில்ல ஒத்தாசையா இருக்கலாம், அபாயகரமான தொழிலா இல்லாத வரைக்கும். பள்ளி நேரம் போக, ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்குள்ள, ராத்திரி 7-க்கு மேல கூடாது. பெரியவங்க ஒருத்தருக்குப் பதிலா அவனை உக்கார வைக்கவும் கூடாது. ‘குடும்பம்’னா சட்டத்துல அம்மா, அப்பா, கூடப்பிறந்தவங்க, அம்மா அப்பாவோட கூடப்பிறந்தவங்க மட்டும்தான். தாத்தா பாட்டி அந்தப் பட்டியல்ல இல்ல. அதனால கடை லைசென்ஸ் உங்க அப்பா பேர்ல இருந்தா, அதை முதல்ல உங்க பேருக்கு மாத்துங்க.