இரவில் வயலுக்கு மேல் சிவப்பு, பச்சை வெளிச்சம்: ட்ரோன்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்பவர்: மன்னார்குடிப் பக்கத்துக்காரன்

மார்கழி பிறந்ததிலிருந்து எங்கள் ஊரில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. இரவு ஒன்பது மணி வாக்கில் தென்கிழக்கே, சவுக்குத் தோப்புக்கு மேல் ஒரு வெளிச்சம் வந்து நிற்கிறது. சிவப்பாக மின்னும், உடனே பச்சை, அப்புறம் நீலம். சில நாள் விடியற்காலையில் வடக்கு வயல் பக்கம் இரைச்சலோடு இன்னொன்று. செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் வட்டமாக, உள்ளே வலை பின்னியது போலத் தெரிகிறது.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று கட்சி. திருடர்கள் வீடுகளை நோட்டம் விடுகிறார்கள் என்று ஒன்று, பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஒன்று, மீத்தேனுக்கு இரவோடு இரவாக அளக்கிறார்கள் என்று ஒன்று. இளைஞர்கள் கம்போடு மதகடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று போர்வை விற்க வந்த வடநாட்டுக்காரரை நிறுத்தி, மூட்டையைப் பிரித்துக் கொட்டி, செல்போனையும் பிடுங்கிப் பார்த்தார்கள். அப்பாவோ மோட்டார் கொட்டகையில்தான் படுப்பேன் என்கிறார்.

ட்ரோனா இல்லையா என்று உறுதி செய்ய வழி உண்டா? உண்டிவில்லால் அடித்து இறக்கப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள். அடிக்கலாமா?

வானம் பார்ப்பவர்

தென்கிழக்கு, மார்கழி, ஒன்பது மணி, நிறம் மாறுகிறது. சிரியஸ் என்ற நட்சத்திரமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரவு வானத்தின் நட்சத்திரங்களில் அதுவே மிகப் பிரகாசமானது. அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி தடித்த காற்றுப் படலத்தைக் கடந்து வருகிறது. காற்று அலைய அலைய நிறங்கள் பிரிந்து மின்னும்.

சோதிப்பது எளிது. திண்ணைத் தூணில் தலையைச் சாய்த்து, வெளிச்சம் ஒரு சவுக்கு நுனியைத் தொடும்படி பாருங்கள். இருபது நிமிடம் கழித்து அதே தூண், அதே இடம். நீட்டிய கையில் மூன்று விரல் அகலம் நகர்ந்திருந்தால் அது நட்சத்திரம். நாளைக்கு அதே நுனிக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். அதற்கு மேலே சற்றுத் தள்ளி ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்து, அந்த வரிசையை நீட்டினால் இது வந்தால், சந்தேகமே வேண்டாம்.

வெறும் இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் அது நகர்வது போலவே தோன்றும். அது கண்ணின் இயல்பு. அதனால்தான் தூணும் மர நுனியும். அந்த வட்டமும் வலையும் குவியம் தவறிய கேமராவின் வேலை. தெருவிளக்கை அப்படி எடுத்தாலும் வரும்.

காவிரிக்கரையான்

எல்லாம் நட்சத்திரம் என்று சொல்லி மூடிவிடுவார்கள். 2017இல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து எண்ணெய் வயலில் ஓடியதும் நட்சத்திரமா? டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்க 2020இல் வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும் நம் மண்ணுக்குக் கீழே இருப்பதன் மீது கண் இருக்கிறது.

மருந்து ட்ரோன் ஓட்டுபவன், நீடாமங்கலம்

விடியற்காலை இரைச்சலுக்கு நான் பதில் சொல்கிறேன். சம்பா இப்போது தொண்டைக் கதிரும் பூவுமாக நிற்கிறது. பூ விரியும் முற்பகலில் மருந்து அடிக்கக் கூடாது, காற்றும் எழுந்துவிடும். அதனால் கிழக்கு வெளுப்பதற்கு முன்பே வயலில் இறங்கிவிடுவோம். புகையான் பூச்சி விழுந்த வயல் என்றால் காத்திருக்கவும் முடியாது. பத்து லிட்டர் தொட்டி நிரம்பினால் இயந்திரம் இருபத்தைந்து கிலோவை நெருங்கும். எழுப்பினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். சுமையோடு பறந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பேட்டரி மாற்ற இறங்கியே தீர வேண்டும். கல்யாண வீட்டுக் கேமரா ட்ரோனே அரை மணி நேரம் தாங்கினால் அதிகம். ஆகவே ஒரு வெளிச்சம் சத்தமில்லாமல் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் அது எங்கள் சாதி இல்லை.

2021 ட்ரோன் விதிகளின்படி எங்கள் இயந்திரத்துக்குத் தனி அடையாள எண் உண்டு, ஓட்டுபவருக்குச் சான்றிதழ் உண்டு. வரப்பில் நின்று கேளுங்கள், காட்டுவோம்.

உண்டிவில் வேண்டவே வேண்டாம். இறக்கை சுழன்றபடி இருபது கிலோ தலையில் விழும். பேட்டரி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அடங்காது. தொட்டியில் பூச்சிமருந்து வேறு.

கும்பகோணத்துக்காரன், இப்போது நியூஜெர்சி

தம்பி, இதே கூத்தை நாங்கள் இங்கே பார்த்துவிட்டோம். 2024 நவம்பரில் பிகாட்டினி என்ற ராணுவ ஆயுத ஆராய்ச்சித் தளத்தின் அருகே வெளிச்சம் தெரிந்ததில் தொடங்கியது. கடலில் ஈரானின் தாய்க்கப்பல் நிற்கிறது, அங்கிருந்துதான் ட்ரோன்கள் வருகின்றன என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினரே தொலைக்காட்சியில் சொன்னார். அப்படிக் கப்பல் எதுவும் இல்லை என்று பென்டகன் மறுத்தது. மேரிலாந்தின் முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன், வீட்டுக்கு மேல் ட்ரோன்கள் என்று வீடியோ போட்டார். அதில் இருந்தது ஓரியன் கூட்டம், அதாவது நம் திருவாதிரை இருக்கிற கூட்டம். ஆருத்ரா தரிசனத்துக்குப் போகிற நம் பாட்டிமார் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

எஃப்.பி.ஐ.க்கு ஐயாயிரத்துக்கும் மேல் புகார் வந்தது. மேற்கொண்டு விசாரிக்க வேண்டியவை என்று அவர்கள் எடுத்துக்கொண்டவை சுமார் நூறு. சட்டப்படி பறந்த ட்ரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், நட்சத்திரங்கள் என்று டிசம்பரில் அரசு சொன்னது. ஆனால் அதைச் சொல்வதற்குள் வாரக்கணக்கில் ஆளுக்கொரு பதில் வந்துவிட்டது, அந்த இடைவெளியில்தான் கதைகள் முளைத்தன. சிலர் பயணிகள் விமானம் மீது லேசர் அடித்தார்கள். விமானியின் கண் கூசினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

உங்கள் ஊருக்குத் தஞ்சாவூர் விமானப்படை நிலையம் தூரமில்லை. 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமான அணி அங்கே வந்தது. விமானம் காட்டும் செயலிகளில் போர் விமானம் தெரியாமலும் இருக்கலாம். நேராக நம்மை நோக்கி வருகிற விமானத்தின் முன்விளக்கு சில நிமிடம் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரியும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருவாரூர்

வானத்தை விடுங்கள். மதகடியில் இருக்கிற கம்புதான் எனக்குப் பயம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்களிடமும் வாட்ஸ்அப் செய்திதான் இருந்தது. போர்வைக்காரரிடம் பிடுங்கிய செல்போனைத் திருப்பிக் கொடுத்தீர்களா? முதலில் அதை எழுதுங்கள். பிறகு காவல் நிலையத்தில் எழுத்தாகச் சொல்லுங்கள். ஊருக்குக் காவல் வேண்டுமென்றால் அவர்கள் ரோந்து வரட்டும்.

மன்னார்குடிப் பக்கத்துக்காரன்

செல்போனை அன்றே கொடுத்துவிட்டோம் ஐயா. மூட்டையை அவரே கட்டிக்கொண்டு போனார், யாரும் குனியவில்லை.

தூண் சோதனையைப் பையன்களை வைத்தே செய்தேன். மூன்று விரலுக்குக் கூடுதலாகவே ஏறியது, மூன்று நட்சத்திர வரிசையும் சரியாக இருந்தது. ஒருவன் மட்டும் நட்சத்திரத்துக்குப் பின்னால் ட்ரோன் ஒளிந்திருக்கிறது என்கிறான். விடியற்கால இரைச்சல் பக்கத்து ஊர் மிராசுதார் வயலில் மருந்து அடிப்பது. ட்ரோன் ஓட்டும் அண்ணா சொன்னபடி கேட்டதும் எண்ணைக் காட்டினார்கள். இனி முதல் நாளே எங்கள் ஊராட்சியில் சொல்லிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு நாள் மேற்கிலிருந்து வேகமாகக் கடந்துபோனது எது என்று மட்டும் தெரியவில்லை. விமானமாக இருக்கலாம்.

காவலை இன்னும் கலைக்கவில்லை. ஆனால் கம்பு கொட்டகைக்குப் போய்விட்டது.

காவிரிக்கரையான்

அந்த ஒரே ஒரு நாள்தான் என் கேள்வி.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருவாரூர்

உங்கள் சந்தேகம் தப்பில்லை, இடம்தான் தப்பு. எரிவாயு தேடுகிறவர்கள் நில அதிர்வு ஆய்வுக்கு வயலில் துளையிட்டு, வெடி வைத்து, கம்பி இழுத்துக்கொண்டு ஆள் பட்டாளத்தோடு வருவார்கள். இருட்டில் ஒரு ட்ரோனை அனுப்பி மண்ணுக்கடியில் பார்க்க முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, இந்த வட்டத்தில் ஆய்வுக்கு யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்தீர்கள், எந்தத் தேதியில், எந்தச் சர்வே எண்களில் என்று ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்து நீங்கள் போடுங்கள்.