20 நிமிட ரத்த உறைவுச் சோதனை: எந்தக் குழாய், எவ்வளவு ரத்தம், எப்போது நம்பலாம்?

பாமணியாறு (லேப் டெக்னீசியன், திருத்துறைப்பூண்டி வட்டாரம்)

வணக்கம். சம்பா அறுவடையும் வைக்கோல் கட்டுவதுமாக வயலில் ஆள் நடமாட்டம் கூடியிருக்கிறது. வரப்பு எலிவளைகளைச் சுற்றிக் கண்ணாடி விரியனும் இருக்கும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.டி., ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஆய்வகச் சோதனைகள்) பார்க்கும் வசதி கிடையாது. கடித்தது விரியனா, விஷம் ஏறியிருக்கிறதா என்பதற்கு, ரத்தத்தைக் குழாயில் விட்டு உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைதான் கையில் இருக்கிறது. அதில் மூன்று சந்தேகங்கள்.

ஒரே ஊசியில் எடுத்த ரத்தம் சாதா பிளாஸ்டிக் குழாயில் 20 நிமிடம் ஆகியும் தண்ணீராக ஓடுகிறது. கண்ணாடிக் குழாயில் கட்டியாக நிற்கிறது. எதை எழுதுவது? சில நேரம் கட்டியும் இல்லாமல் நீரும் இல்லாமல், சாய்த்தால் நொய்க்கஞ்சி மாதிரி நகர்கிறது. இதை 'உறைந்தது' என்று எழுதலாமா? அப்புறம், செல் கவுண்டரில் (ரத்த அணுக்களை எண்ணும் மெஷின்) பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) 60,000 என்று குறைவாக வருகிறது, ஆனால் குழாயில் ரத்தம் நன்றாக உறைகிறது. இதில் எதை வைத்து டாக்டரிடம் பேசுவது?

வெண்ணாறு (ரத்தவியல் ஆய்வகம், தஞ்சாவூர்)

கண்ணாடியில் வந்ததைத்தான் எழுத வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

காரணம் இதுதான். இந்தச் சோதனையில் கண்ணாடிச் சுவரே ரீஏஜென்ட் (வினையைத் தூண்டும் பொருள்). ரத்தத்தில் 12-ஆம் உறைகாரணி என்று ஒன்று இருக்கிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட கண்ணாடிப் பரப்பில் பட்டதும் அது விழித்துக்கொண்டு 11, 9, 10 என்று வரிசையாக எழுப்பிவிடும். கடைசியில் த்ராம்பின் என்ற நொதி வந்து, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை ஃபைப்ரின் நூலாக்கும். சாதா பிளாஸ்டிக்கில் அந்த முதல் தட்டு கிடைப்பதில்லை. நல்ல ரத்தமே அங்கே தாமதமாகத்தான் உறையும். இந்த 12-ஆம் காரணிக்கு ஹாகிமன் காரணி என்றும் பெயர். 1950-களில் அமெரிக்காவில் அந்தப் பெயருள்ள ரயில்வே ஊழியருடைய ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய வெகுநேரம் பிடித்தது. ஆனால் அவருக்கு ரத்தக்கசிவு எதுவும் இல்லை. உடம்புக்குள் உறைவதற்கு இந்தக் காரணி கட்டாயமில்லை, குழாய்க்குள் உறைவதற்குக் கட்டாயம் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. ஆகவே உங்கள் பிளாஸ்டிக் குழாயில் ஓடிய ரத்தம் நோயாளியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, குழாயைப் பற்றித்தான் சொல்கிறது. அதை நம்பினால், விஷமே ஏறாத ஒருவருக்கு 10 வயல் (குப்பி) விஷமுறிவு மருந்து போய்விடும். அந்த மருந்தின் ஒவ்வாமை அதிர்ச்சி சாதாரணமானதல்ல.

சிவப்பு மூடி பிளாஸ்டிக் குழாயில் உள்ளே சிலிக்கா தூள் பூசியது உண்டு. அது வேறு கதை: தூள் உறைதலை வேகமாகத் தூண்டிவிடும். அதையும் இதற்கு எடுக்காதீர்கள். 20 நிமிடம் என்ற கணக்கு சாதா கண்ணாடிக்குத்தான்.

செய்முறை: புதிய, உலர்ந்த, சின்னக் கண்ணாடி டெஸ்ட் டியூப். முழங்கை மடிப்புச் சிரையில் புதிதாகக் குத்தி 2 மி.லி. ரத்தம். ஊசியைக் கழற்றிவிட்டு, குழாய்ச் சுவரோரமாக நுரை எழாமல் விடுங்கள். ரத்தம் குழாயில் விழுந்த நேரத்தை பிளாஸ்டரில் எழுதி ஒட்டிவிட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, தொடாமல் 20 நிமிடம். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். ஓடி வழிந்தால் உறையவில்லை.

தொடாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பத்தாவது நிமிடத்தில் ஒரு தரம், பதினைந்தில் ஒரு தரம் என்று சாய்த்துப் பார்க்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பாதி தோய்ந்த தயிரை ஆட்டினால் நீர் விட்டுக்கொள்வது போல, பாதி கட்டிய ஃபைப்ரின் வலை அறுந்துவிடும். நீங்கள் சொல்லும் நொய்க்கஞ்சிக்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம். குழாய் ஏ.சி. காற்றுக்கு நேராக நின்றாலும் உறைவது தாமதமாகும்.

இன்னொரு பெரிய பிழை வென்ஃப்ளான் (சிரையில் செருகி வைக்கும் பிளாஸ்டிக் ஊசிக்குழாய்). உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் விட்டுக் கழுவிய வென்ஃப்ளானிலிருந்து ரத்தம் இழுத்தால் உறையவே உறையாது. சலைன் ஓடிக்கொண்டிருக்கும் கையில் எடுத்தால் ரத்தம் நீர்த்திருக்கும். மற்றக் கையில் எடுங்கள்.

பக்கத்திலேயே ஒரு சாட்சிக் குழாய் வையுங்கள். கூட வந்த உறவினரில் நல்ல உடம்போடு இருப்பவர், ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ சாப்பிடாதவர். அவரிடம் 2 மி.லி., அதே பெட்டியில் எடுத்த குழாய், அதே நேரம். சாட்சி உறைந்து நோயாளி உறையவில்லை என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. சாட்சியும் உறையவில்லை என்றால் குழாய்ப் பெட்டியைத் தூக்கி ஓரம் வையுங்கள். புதிய பெட்டி வந்த அன்றே இரண்டு குழாயை எடுத்து இப்படிச் சோதித்துப் பெட்டி மேல் தேதி போட்டுவிட்டால், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தடுமாற வேண்டாம்.

நொய்க்கஞ்சிக்கு விடை: 'உறைந்தது' என்று எழுதாதீர்கள். 'கட்டி முழுமையாக இல்லை, சாய்த்ததும் உடைந்தது' என்று கண்ணால் கண்டதை அப்படியே எழுதி, உடனே புதுக் குழாயில் சாட்சியோடு இன்னொன்று வையுங்கள். ஃபைப்ரினோஜன் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் கட்டி இப்படித்தான் இளகலாக இருக்கும்.

அரசலாறு (அவசர சிகிச்சை மருத்துவர்)

வெண்ணாறு சார் சொன்னதோடு சிகிச்சைப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன்.

கண்ணாடி விரியன் விஷத்தில் 10-ஆம் காரணியையும் 5-ஆம் காரணியையும் நேரடியாக எழுப்பிவிடும் புரதங்கள் உண்டு. உடம்பு முழுக்க ஓயாமல் சின்னச் சின்ன உறைவு நடந்து, கையிருப்பு ஃபைப்ரினோஜன் எல்லாம் செலவாகிவிடுகிறது. அதனால்தான் கடைசியில் ரத்தம் உறையாமல் போகிறது. ரத்தம் நீர்த்துப்போய் அல்ல, உறைய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே உறைந்து தீர்ந்துபோய். இந்த வித்தியாசம் தெரிந்தால், விஷமுறிவு மருந்து போடாமல் வெறும் பிளாஸ்மா (உறைகாரணிகள் உள்ள ரத்த நீர்ப்பகுதி) மட்டும் ஏற்றுவது ஏன் வீண் என்பதும் புரியும். விஷம் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்வரை, ஏற்றிய பிளாஸ்மாவையும் அது தின்றுவிடும்.

முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்தச் சோதனை ஃபைப்ரினோஜன் மிகவும் இறங்கிய பிறகுதான் காட்டும். கடித்து அரை மணியில் வந்தவருக்கு இன்னும் இறங்கியிருக்காது. முதல் 3 மணி நேரம் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு முறை, அதன்பின் 24 மணி நேரம்வரை 6 மணி நேரத்துக்கு ஒரு முறை வையுங்கள். இறுக்கிக் கட்டுப் போட்டு வந்திருந்தால், மருந்தும் ஆக்ஸிஜனும் தயாராக இருக்கும்போது கட்டை மெதுவாகத் தளர்த்தி, அதற்குப் பிறகும் ஒரு குழாய் வையுங்கள். அடைபட்டிருந்த விஷம் அப்போதுதான் இறங்கும்.

உறையவில்லை என்றால் 10 வயல், சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில். இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு மி.லி. மருந்து 0.6 மி.கி. கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும், 10 மி.லி. வயல் பத்து என்றால் 60 மி.கி. ஒரு கடியில் சராசரியாக ஏறும் விஷமும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிறுவனாக இருந்தாலும் பாம்பு விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை, ஆகவே வயல் எண்ணிக்கையும் அதேதான். ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் போட, அட்ரினலின் 0.5 மி.கி. சிரிஞ்சில் இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மருந்தைத் தொடங்க வேண்டும். இது பெரியவர்களுக்கான அளவு, தசையில் போடுவது.

மருந்து முடிந்ததும் ஒரு மணியில் குழாய் வைத்து, 'இன்னும் உறையவில்லை' என்று இன்னொரு 10 வயலை ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அவசரப்படக் கூடாது. விஷம் முறிந்தாலும், செலவான காரணிகளைக் கல்லீரல் மறுபடி செய்து அனுப்ப 6 மணி நேரம் ஆகும். ஆறாவது மணியில் பாருங்கள். அப்போதும் உறையவில்லை என்றால்தான் அடுத்த தவணை. இடையில் ரத்தம் தாராளமாகக் கொட்டிக்கொண்டிருந்தால் அது வேறு, அதை மருத்துவர் முடிவு செய்வார்.

ஒன்று மறந்துவிட வேண்டாம்: நாகமும் கட்டு விரியனும் நரம்பைத் தாக்குபவை. அங்கே இந்தக் குழாய் எப்போதும் கட்டியாகத்தான் நிற்கும். இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டு விரியனை நினைக்க வேண்டும்.

கோரையாறு (உறைவியல் ஆய்வு மாணவர்)

இந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இலங்கையில் செய்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2013-ல் வந்ததில், வார்டில் வழக்கமாகச் செய்கிறபடி செய்தபோது, உறைவுக் கோளாறு உள்ளவர்களில் 40 சதவீதம் பேரைத்தான் சோதனை பிடித்தது. 2017-ல் வந்ததில், குழாயின் அளவு, ரத்தத்தின் அளவு எல்லாவற்றையும் வரையறுத்துச் செய்தபோது 82 சதவீதம் பேரைப் பிடித்தது. இரண்டிலும் பாம்பு கண்ணாடி விரியன்தான். மாறியது செய்முறை. இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பிளேட்லெட் கேள்விக்கு வருகிறேன். இந்தக் குழாய் பிளேட்லெட்டை அளப்பதே இல்லை; ஃபைப்ரினோஜனைத்தான் அளக்கிறது. 60,000 பிளேட்லெட்டோடும் ரத்தம் அழகாகக் கட்டியாகும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. பிளேட்லெட்டின் வேலை தெரிய வேண்டுமானால் கட்டியான குழாயை எறிந்துவிடாமல் 37 டிகிரியில் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். பிளேட்லெட் போதுமான அளவில் இருந்தால் கட்டி சுவரை விட்டுச் சுருங்கி, சுற்றிலும் மஞ்சள் சீரம் தெளிந்து நிற்கும். குறைவாக இருந்தால் கட்டி சுருங்காமல் குழாயை அடைத்தபடியே கிடக்கும்.

ஆனால் அந்த 60,000-ஐ ஸ்லைடு பார்க்காமல் நம்ப வேண்டாம். ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் வைக்கும் ரசாயனம்) உள்ள குழாயைச் சரியாகக் குலுக்காமல் விட்டால் பிளேட்லெட் திரண்டு, மெஷின் குறைத்துக் காட்டும். ரத்தம் எடுத்த உடனே 8 முதல் 10 தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். லீஷ்மன் சாயமிட்டு, ஸ்மியரின் (ஸ்லைடில் தேய்த்த ரத்தப் படலத்தின்) வால் ஓரத்தில் திரள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திரள் இல்லை என்றால், எண்ணெய் லென்ஸில் 10 பார்வைப் புலங்களில் பிளேட்லெட்டை எண்ணிச் சராசரியை 15,000-ஆல் பெருக்குங்கள். மெஷின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் சரி.

விரியன் கடியில் இதற்கு மேலும் ஒரு காரணத்துக்காக ஸ்லைடு முக்கியம். விஷமுறிவு மருந்துக்குப் பின் குழாய் உறைய ஆரம்பித்து, எல்லோரும் நிம்மதியாகும் நேரத்தில் சிலருக்குப் பிளேட்லெட் மட்டும் இறங்கிக்கொண்டே போகும், சிறுநீர் குறையும், கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறும். நுண்குழாய்களில் உறைவுக்கட்டி அடைத்துச் சிவப்பணுக்கள் கிழிபடும் நிலை அது. ஸ்லைடில் தொப்பி, பிறை, கொம்பு வடிவத்தில் உடைந்த சிவப்பணுத் துண்டுகள் தெரியும். 1,000 சிவப்பணுவில் 10-க்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சின்னத் துண்டுகளை மெஷின் பிளேட்லெட் என்றும் எண்ணிவிடும். உண்மை எண்ணிக்கை இன்னும் குறைவாக இருக்கலாம்.

தஞ்சைக்கோ திருவாரூருக்கோ பி.டி. பார்க்க மாதிரி அனுப்புவதானால் நீல மூடிக் குழாயைக் கோடுவரை நிரப்புங்கள். அதில் இருக்கும் 0.3 மி.லி. சிட்ரேட்டுக்கு (உறையாமல் தடுக்கும் திரவம்) 2.7 மி.லி. ரத்தம். குறைவாக நிரப்பினால் சிட்ரேட் மிகுந்து, இல்லாத கோளாறு இருப்பது போல நேரம் நீளும். ரத்தக்குழாய் கசிந்து ஹிமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 55-ஐத் தாண்டியவர்களுக்கு இதே பிழை நிரம்பிய குழாயிலும் வரும், ஏனென்றால் பிளாஸ்மாவே குறைவு. ஹிமட்டோக்ரிட் 60 என்றால் சிட்ரேட் 0.2 மி.லி. போதும், 1 மி.லி. சிரிஞ்சால் 0.1 மி.லி.யை எடுத்துவிட்டு ரத்தத்தைக் கையால் விடுங்கள், குழாய் மேல் அதை எழுதியும் வையுங்கள்.

பாமணியாறு

மிக்க நன்றி, சார். எல்லோருக்கும். ஒன்று மட்டும்: புதுக் கண்ணாடிக் குழாய் தீர்ந்துபோனால் பழையதைக் கழுவி எடுக்கலாமா? இங்கே சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கழுவுகிறார்கள்.

வெண்ணாறு

சோப்பு பட்ட குழாய் வேண்டாம். எத்தனை தடவை அலசினாலும் சுவரில் மெல்லிய படலம் தங்கி, கண்ணாடி உறைதலைத் தூண்டுவது நின்றுபோகும். பிளாஸ்டிக்கில் வைத்த மாதிரிதான் ஆகும். காலி ஆன்டிபயாடிக் பாட்டிலும் கூடாது. பாம்புக்கடிக்கென்று 50 புதுக் குழாயைத் தனிப் பெட்டியில், 'கழுவாதே, வேறு எதற்கும் எடுக்காதே' என்று எழுதி, விஷமுறிவு மருந்து இருக்கும் ஃபிரிட்ஜ் மேலேயே வைத்துவிடுங்கள். மருந்தை எடுக்கப் போகிற சிஸ்டர் கையில் குழாயும் சேர்ந்தே வரும்.