கொல்லையில ஆர்சி (ரிமோட்ல ஓடுற) பொம்மை ராணுவ டேங்க் ஓட்ட போர்க்களம் போடணும், கரிசல் மண்ணு, வழி சொல்லுங்க

கரிசல்காட்டான்:
வணக்கம் நண்பர்களே, எங்க வீடு திருமங்கலத்துக்கு அங்கிட்டு. கொல்லையில 2 சென்ட் சும்மா கெடக்கு, அதுல 40க்கு 20 அடி ஒதுக்கி 1/16 ஸ்கேல் (நிஜத்துல பதினாறுல ஒரு பங்கு) டேங்க் ஓட்ட நிரந்தரமா ஒரு களம் போடணும்னு ரொம்ப நாள் ஆசை. எங்கிட்ட ஷெர்மன், மச்சான்கிட்ட டைகர், ரெண்டாம் உலகப்போர் டேங்க் மாடலுக, ரெண்டுமே இன்ஃப்ராரெட்ல (கண்ணுக்குத் தெரியாத ஒளியில) சுட்டுக்குற செட்டு. பிரச்சனையே மண்ணுதான், சித்திரையில கை நுழையுற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும், ஐப்பசி மழையில காலடிச் செருப்பையே புடுங்கிக்கும். போன வருசம் மண்ணைக் குவிச்சு ஒரு மேடு கட்டுனேன், ரெண்டே மழையில கரைஞ்சு பக்கத்துப் பதுங்குகுழியையும் மூடிருச்சு. பேசாம சிமெண்ட் போட்டு மொழுகிரலாமா?

மேலூர் கொத்தனார் மகன்:
சிமெண்ட் மட்டும் வேணாம்ண்ணே. கரிசல் மழைக்கு ஊதும் வெயிலுக்குச் சுருங்கும், மேல போட்ட தளம் பாளம் பாளமா வெடிச்சிரும். முக்கால் அடி வெட்டி எடுத்துட்டு கிராவல் கொட்டி, தண்ணி தெளிச்சு நல்லா இடிங்க, அதுக்கு மேல ஒரு இஞ்ச் கிரஷர் டஸ்ட். சிப்ஸ் ஜல்லி ஒண்ணு கூட கலந்திரக்கூடாது, அது செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவுல போய் உக்காந்துச்சுன்னா டக் டக்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அப்பவே நிப்பாட்டலைன்னா கியர் பல்லு போயிரும், எனக்கு ரெண்டு தடவ போச்சு. 40 அடிக்கு ஒரு 5 இஞ்ச் வாட்டம் வச்சிருங்க, தண்ணி நிக்காது.

மேட்டுக்கு உள்ள உடைசல் செங்கல்ல அடுக்கிட்டு, மேல செம்மண்ணுல பத்துக்கு ஒண்ணு சிமெண்ட் கலந்து பூசுங்க. ஒரு அடி உசரத்துக்கு ரெண்டரை அடி சரிவாவது குடுங்க. பலகை, பிளைவுட் எதையும் மண்ணுல புதைக்காதீங்க, நம்ம ஊர் கரையான் விடாது.

செஞ்சூரியன்65:
தரையெல்லாம் சரி தம்பி, ஆனா களம்னா மறைவுதான். 40 அடிங்கிறது 1/16ல நிஜத்துக்கு 640 அடி, 200 மீட்டர் கூட இல்ல. நிஜ டேங்க்குக்கு அது மூக்குக்கு நேரா நிக்கிற தூரம். வெறும் மைதானமா விட்டா ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு சுட்டுட்டு ரெண்டு நிமிசத்துல முடிச்சிருவீங்க. எங்க நின்னாலும் பாதிக் களம்தான் கண்ணுல படணும், அப்பிடி மேட்டையும் சுவரையும் போடுங்க.

1965 செப்டம்பர்ல, பாகிஸ்தான் சண்டையப்ப, பஞ்சாப்ல அசல் உத்தர்ங்கிற ஊர்ல நடந்தது அதான். நம்ம ஆளுக வாய்க்கால உடைச்சு வயல்ல தண்ணிய விட்டாங்க, பாகிஸ்தானோட பாட்டன் டேங்க் சேத்துல மாட்டுச்சு, நம்ம செஞ்சூரியன் டேங்க் கரும்புக்குள்ள ஒளிஞ்சு நின்னு பக்கவாட்டுல அடிச்சுச்சு. உங்க ஷெர்மனும் அந்தச் சண்டையில இருந்துச்சு தம்பி, நம்ம ராணுவத்தோட டெக்கான் ஹார்ஸ் படைப்பிரிவு அதை வச்சுத்தான் நின்னாங்க. அந்தக் கரும்புக் காட்டை நான் எப்பிடிப் பண்ணுனேன்னா, முளைப்பாரி போடுற மாதிரி சோளத்தை ஊற வச்சு நெருக்கித் தெளிச்சேன். பத்து நாள்ல ஒரு சாண் உசரம், இலை வளைஞ்சு தொங்குறது அப்பிடியே கரும்புதான், பின்னாடி டைகர் நின்னா பீரங்கி இருக்கிற மேல்கோபுரம் மட்டும் லேசாத் தெரியும். உள்ள மட்டும் ஓட்டாதீங்க, தாள் செயின்ல சுத்திக்கும்.

கரிசல்காட்டான்:
அண்ணே சோளம் யோசனை மனசுல ஒட்டிக்கிருச்சு, இன்னைக்கே ஊறப் போடுறேன். வீடுக எதுல பண்ணலாம்? தெர்மாகோல் காத்துல பறந்துருது.

மேலூர் கொத்தனார் மகன்:
செங்கல்லை வெட்டிப் பண்ணுங்க, ஒரு மாடிக்கு ஏழரை இஞ்ச் கணக்கு.

விளாச்சேரி ரோடு:
மதுரை பக்கத்துல விளாச்சேரியில கொலு பொம்மை செய்யிறவங்ககிட்ட கேளுங்க. ஆள் 4 இஞ்ச், வாசல் 5 இஞ்ச்னு அளவு சொல்லி ஓட்டு வீடு, கிணறு, உறைன்னு எது வேணாலும் கேட்டுப் பாருங்க. ஆனா சுட்ட மண்ணான்னு கேட்டு வாங்குங்க, காகிதக்கூழ் பொம்மை மழைக்கு நிக்காது.

இன்னொண்ணு, உச்சி வெயில்ல இன்ஃப்ராரெட் சரியா எடுக்காது, சுட்டாலும் பட்டாலும் தெரியாது. அஞ்சு மணிக்கு மேல ஆடுங்க. முடிஞ்சா களத்தோட நீளத்தைத் தெக்கு வடக்கா வைங்க, கிழக்கு மேற்கா வச்சா சாயங்கால வெயில் ஒருத்தரோட சென்சார்லயே நேரா அடிக்கும், தோத்தவரு சண்டைக்கு வருவாரு. பேட்டரியை வெயில்ல விட்டுட்டு டீ குடிக்கப் போயிராதீங்க, ஆறுன பிறகு நிழல்ல வச்சு சார்ஜ் போடுங்க.