அமாவாசையில் சங்கற்பம் எடுத்து மோதிரம் போடுவது: நேரம், கல், செய்முறை

வளர்பிறை_யாழ் கேட்டது:

வணக்கம். அமாவாசையிலை ஒரு சங்கற்பம் எடுத்து, அதுக்கு அடையாளமா ஒரு நகையைப் போட்டு, அடுத்த அமாவாசை மட்டும் அதை விடாமல் செய்யிற வழக்கம் வெளிநாட்டுச் சனத்திட்டை பரவலா இருக்கு. எங்கடை பக்கம் அமாவாசை எண்டால் பிதிர் காரியம்தான் முதல் நினைவுக்கு வரும். அதாலை தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேக்கிறன்.

1. நேரம் எப்பிடிப் பாக்கிறது? கலண்டர் ஒண்டு சொல்லுது, ஃபோன் செயலி இன்னொண்டு சொல்லுது.
2. கையிலை இருக்கிறது 925 முத்திரை குத்தின வெள்ளி மோதிரம், மேலை சந்திரகாந்தக் கல். ஒவ்வொரு நாளும் போட ஏலுமோ? உப்புக்குள்ளை புதைச்சுச் சுத்தம் செய்யச் சொல்லிப் போட்டிருக்கினம், அது சரியோ?
3. சங்கற்பத்தை எப்பிடிச் சொல்லவேணும்? என்ரை எண்ணம் "நல்லாப் படிக்கவேணும்" எண்டது.

கிணற்றடி எழுதியது:

பிள்ளை, முதல் நேரத்தைப் பாப்பம். கலண்டரிலை அமாவாசை எண்டு போட்டிருக்கிற நாளும் அமாவாசைத் திதியும் ஒண்டில்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலை உள்ள கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. அமாவாசைத் திதி 348 பாகையிலை தொடங்கி 360 இலை முடியும். ஆகவே வெளிநாட்டுக்காரர் புதுநிலா எண்டு குறிக்கிற அந்தக் கணம் எங்கடை அமாவாசைத் திதி முடியிற கணம். ஒரு திதி 19 மணித்தியாலமும் இருக்கும், 26 மணித்தியாலமும் இருக்கும். சந்திரன் எல்லா நாளும் ஒரே வேகத்திலை ஓடுறதில்லை, அதுதான் காரணம்.

உதாரணத்துக்கு 2026 ஆடி அமாவாசை ஓகஸ்ட் 12, புதன்கிழமை. சூரியனும் சந்திரனும் சேருற கணம் இலங்கை நேரத்துக்கு இரவு 11 மணி 7 நிமிசம் அளவிலை. (அண்டைக்கு முழுச் சூரிய கிரகணமும் இருக்கு. ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம் தெரியும், எங்களுக்குத் தெரியாது.) செயலி அதையே 17.37 எண்டு காட்டினால் அது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேணும். உங்கடை குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதாத்தான் இருக்கும். மற்றப் பாதி பஞ்சாங்கம். வாக்கியம் (பழைய சூத்திரக் கணக்கு), திருக்கணிதம் (இப்பத்தை வானியல் கணக்கு) எண்ட இரண்டு வகைப் பஞ்சாங்கமும் திதி முடிவிலை மணிக்கணக்கா விலகும். வீட்டிலை எதைப் பாவிக்கிறீங்களோ அதோடையே நில்லுங்கோ. ஒரு மாதம் இது, மறு மாதம் அது எண்டு மாத்தினால் நாள் கணக்கு பிசகும்.

பிதிர் காரியத்தைப் பற்றி: காலமை அதுக்குரியது. ஆடி அமாவாசைக்குத் தகப்பன் இல்லாத ஆக்கள் விரதம் இருந்து கீரிமலையிலை தீர்த்தமாடி, காத்தோட்டிக்காயும் சேத்துச் சமைச்சுப் படைக்கிற நாளிலை உங்கடை மோதிரத்தை முன்னுக்குக் கொண்டுவராதேங்கோ. பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் உங்களுடையது. அப்பவும் மனம் ஒப்பேல்லை எண்டால் அடுத்த நாள் வேண்டாம், அது பிரதமை, பெரியாக்கள் ஒண்டும் தொடங்க விடாயினம். அதுக்கடுத்து பிறை தெரியிற பின்னேரம் எடுங்கோ. பொழுது பட்டு அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மேற்கிலை பதிவாத் தெரியும், கனநேரம் நிக்காது. பண்ணைக் கடற்கரையிலை மேற்குப் பக்கம் மறைப்பு இல்லை. பிறைசூடியைக் கும்பிடுற எங்களுக்கு அந்தப் பிறையைக் கண்டு தொடங்கிறது பொருத்தம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

தட்டாதெரு எழுதியது:

உப்பிலை புதைக்காதேங்கோ. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈர உப்பு வெள்ளியை மங்கப் பண்ணும், பதிச்ச இடத்துக்குள்ளை போய் இருந்தால் எடுக்கிறதும் கஷ்டம். மஞ்சள் தண்ணியும் வேண்டாம், கல்லிலை மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருந்தால் அதுக்குள்ளை நிறம் ஏறும். சாம்பிராணிப் புகை காட்டுங்கோ, போதும். கற்பூரத்தைக் கிட்டப் பிடிச்சால் கரி படியும்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும். சந்திரகாந்தம் எங்கடை நாட்டுக் கல்லுத்தான், நீலச்சாயல் உள்ளதுக்கு மீட்டியாகொட பேர்போன இடம். கடினம் மோஸ் அளவிலை (வைரம் 10) 6 முதல் 6.5 மட்டும். சாதாரண தூசியிலை இருக்கிற குருமணல் 7. ஆகவே தூசி படிஞ்ச கல்லைக் காய்ஞ்ச துணியாலை தேய்ச்சால் நீங்களே அதைக் கீறுறீங்கள். முதல் தண்ணியிலை அலசி, பிறகு ஒத்தி எடுக்கவேணும். இன்னொரு குணம், அது இரண்டு பக்கமாப் பிளக்கக்கூடிய கல். கிணத்துக் கட்டிலை ஒருக்கா அடிபட்டால் பாளம் பாளமாக் கழரும். கல்லைச் சுத்தி விளிம்பு மடிச்சுப் பதிச்சிருந்தால் நாளாந்தம் போடலாம். நாலு நகத்தாலை பிடிச்சிருந்தால் விசேஷத்துக்கு மட்டும் வையுங்கோ.

முதல் அது உண்மையான கல்லோ எண்டு பாருங்கோ. சந்திரகாந்தம் எண்டு விக்கிறதிலை பால்நிறக் கண்ணாடியும் இருக்கு. கறுத்தத் துணியிலை வைச்சால் நீலமாவும், வெளிச்சத்துக்கு எதிரை பிடிச்சால் செம்மஞ்சளாவும் தெரிஞ்சு, உள்ளுக்கு உருண்டைக் குமிழும் இருந்தால் அது கண்ணாடி. நல்ல கல்லைச் சரிக்கச் சரிக்க ஒளி மேற்பரப்பிலை மிதந்து நகரும். கண்ணாடி எண்டாலும் சங்கற்பத்துக்குக் குறையில்லை, காசு குடுக்கிறதுக்கு முதல் தெரிஞ்சிருக்கவேணும், அவ்வளவுதான்.

925 எண்டால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. கறுக்கிறதுக்குக் காரணம் கந்தகம்: முட்டை, வெங்காயம், றப்பர் பாண்ட். கிணத்துக்குக் குளோரின் போட்ட கிழமையும் கழட்டி வையுங்கோ. எங்கடை தண்ணி சுண்ணாம்புப் பாறைத் தண்ணி, சவர்க்காரத்தோடை சேர்ந்து கல்லடியிலை வெள்ளையாப் படியும். கன பேர் அதைக் கல் மங்கிப்போச்சு எண்டு நினைக்கிறது.

அளவைப் பின்னேரம் எடுங்கோ. காலமை எடுத்தால் மத்தியான வெக்கைக்கு விரல் வீங்கி இறுகும். கடலிலை, கீரிமலைக் கேணியிலை இறங்க முதல் கட்டாயம் கழட்டவேணும். குளிர்த் தண்ணியிலை விரல் சுருங்கும், மோதிரம் போனால் போனதுதான். அளவு மாத்திறதெண்டால் கல்லைக் கழட்டின பிறகுதான் நெருப்புக் காட்டவேணும். கஸ்தூரியார் வீதியிலை எந்தக் கடைக்குக் குடுத்தாலும் இதை வாய் திறந்து சொல்லிக் குடுங்கோ, சூட்டிலை இந்தக் கல் வெடிக்கும்.

நெய்தல்_நிலம் எழுதியது:

மூன்றாவது கேள்விதான் இதில் முக்கியமானது. "நல்லாப் படிக்கவேணும்" என்பது சங்கற்பம் அல்ல, ஆசை. கோயிலில் ஐயர் சங்கற்பம் சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்த இடத்தில், யார், எதற்காக, என்ன செய்யப்போகிறார் என்பது வரை வந்துதான் முடிப்பார். காலமும் இடமும் செயலும் இல்லாத சங்கற்பத்தை நம் முறை ஏற்பதே இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999 இல் எழுதிய கட்டுரையும் இதே இடத்துக்குத்தான் வருகிறது: "இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்டவர்கள், வெறுமனே இலக்கு வைத்தவர்களை விட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள்.

ஆகவே உங்கள் வசனம் இப்படி இருக்கட்டும்: "இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பை கழுவி வைத்ததும், முன்விறாந்தை மேசையில் இருந்து 25 நிமிடம் கணக்குச் செய்வேன்." ஒரு மணித்தியாலம் என்று தொடங்க வேண்டாம். களைத்து வரும் ஒரு நாளிலும் செய்யக்கூடிய அளவே சரியான அளவு. ஒன்றே ஒன்று எடுங்கள். மூன்று எடுத்தால், மோதிரத்தைத் தொடும்போது எது நினைவுக்கு வரவேண்டும் என்பதே தெரியாமல் போகும்.

நகையை இந்த வசனத்தோடு பிணைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். போட்ட மோதிரத்தைக் கழற்றாமல் விட்டால் ஒரு கிழமைக்குள் தோல் அதை மறந்துவிடும், கையில் இருப்பதே தெரியாது. மேலே சொன்னபடி கல்லைக் காக்கக் கோப்பை கழுவும்போது கழற்றத்தானே வேண்டும்? அதையே பயன்படுத்துங்கள். கழுவி முடித்து, கையைத் துடைத்து, மோதிரத்தைத் திரும்பப் போடும் அந்தக் கணம்தான் உங்கள் மணி. போடும்போது வசனத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லி நேரே மேசைக்குப் போங்கள். சுவாமியறையிலோ மேசையிலோ ஒரு சிறு கிண்ணம் வைத்து, கழற்றினால் அதில் மட்டுமே வையுங்கள். குழாயடியில் வைத்தால் தொலையும்.

முதல் நாள் செய்வது எளிது. குளித்து, விளக்கேற்றி, தட்டில் ஒரு வெற்றிலை, அதன்மேல் மோதிரம். வசனத்தைத் தாளில் கையால் எழுதி, தொடங்கும் திதியையும் முடியும் அமாவாசைத் திகதியையும் கீழே குறியுங்கள். அமாவாசையில் தொடங்கினால் இரண்டுக்கும் இடையில் 29 அல்லது 30 நாள் வரும். உரக்க ஒருமுறை வாசித்து மோதிரத்தைப் போடுங்கள். பிறகு எழுந்து போய்விடாமல் அன்றைக்கே முதல் 25 நிமிடத்தையும் செய்யுங்கள்.

நடுவில் வரும் பறுவம் (பௌர்ணமி) இந்த நாட்டில் விடுமுறை என்பது வசதி. அன்று தாளை எடுத்துப் பாருங்கள். பதினைந்து நாளில் பத்துக்குக் குறைவாக நடந்திருந்தால் அளவை 15 நிமிடமாக்குங்கள், அல்லது நேரத்தை மாற்றுங்கள். வசனத்தை அடித்துத் திருத்துவதில் பிழையில்லை.

வில்வமரத்தடி எழுதியது:

இதற்கு நம்மிடமே ஒரு முறை இருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். கேதார கௌரி விரதம். புரட்டாதி வளர்பிறைத் தசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசையில் 21 நாள் நிறைவாகும். 21 இழை நூலில் 21 முடிச்சிட்ட காப்பை அமாவாசையன்று கட்டிக்கொள்வார்கள். பெண்களுக்கு இடக்கை, ஆண்களுக்கு வலக்கை. ஒரு எண்ணத்தை அமாவாசையோடும் உடம்பில் அணியும் பொருளோடும் சேர்ப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. வேறுபாடு ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே காப்பு விரதத்தின் முடிவில் வருகிறது, 21 நாள் இருந்து காட்டிய பிறகு. நீங்கள் மோதிரத்தைத் தொடக்கத்திலேயே போடுகிறீர்கள்.

மோதிரம் போட முடியாத வேலை என்றால் (இயந்திரம், ஆய்வுகூடம், ஆஸ்பத்திரி) சாதாரண பருத்தி நூல் கட்டலாம். மஞ்சளில் இருமுறை தோய்த்து நிழலில் உலர்த்துங்கள், அப்படியும் முதல் கிழமை வெள்ளைச் சட்டையில் நிறம் ஒட்டும். மணிக்கட்டுக்கும் நூலுக்கும் இடையில் ஒரு விரல் போகவேண்டும். இறுக்கிக் கட்டி ஈரத்தோடு விட்டால் தோல் கடிக்கும், குளித்ததும் ஒத்தி உலர்த்துங்கள். இந்த நூலைக் காப்பு என்று சொல்ல வேண்டாம், அந்தப் பெயர் அம்பாளின் விரதத்துக்குரியது.

வளர்பிறை_யாழ் கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. மோதிரம் விளிம்பு மடிச்சுப் பதிச்சதுதான், கல்லும் உண்மையானது போலத் தெரியுது. இன்னும் இரண்டு கேள்வி. ஒரு நாள் விட்டுப்போனால் முதலிலை இருந்து தொடங்கவேணுமோ? வெள்ளி கறுத்தால் அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் போட்டுக் கழுவலாமோ?

நெய்தல்_நிலம் எழுதியது:

தேவையில்லை. விட்ட நாளைத் தாளில் வட்டமிட்டு, ஏன் என்று இரண்டு சொல் எழுதுங்கள். மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம், அதற்கடுத்த நாளும் விட்டுப்போக அதுவே காரணமாகும். தொடர்ந்து இரண்டு நாள் விட்டால் பறுவம் வரை காத்திராமல் அன்றே அளவைக் குறையுங்கள். மோதிரம் தொலைந்தாலும் கணக்கு நிற்காது, நூலைக் கட்டித் தொடருங்கள்.

தட்டாதெரு எழுதியது:

கல்லில்லாத வெறும் வெள்ளிக்கு அது நல்ல வழி: ஒரு லீற்றர் கொதிதண்ணி, ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா, அடியிலை அலுமினியத் தாள், வெள்ளி தாளிலை முட்டவேணும், இரண்டு நிமிசம். உங்கடை மோதிரத்துக்குச் செய்யாதேங்கோ. கொதிதண்ணியாலை கல் வெடிக்கலாம், பசை வைச்சு ஒட்டியிருந்தால் கழரும். வெள்ளிப் பகுதியை மட்டும் திருநீறு தொட்ட ஈரப் பஞ்சாலை மெல்லத் துடையுங்கோ, கல்லிலை படாமல். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணியிலை ஒரு சொட்டு சவர்க்காரம், மெல்லிய பிள்ளைத் தூரிகையாலை கல்லடியைச் சுத்தி ஒருக்கா. நல்ல தண்ணியிலை அலசி, துணியிலை கவிட்டு ஒரு இரவு காய விடுங்கோ. மாதத்துக்கு ஒருக்காப் போதும், அமாவாசைக்கு முதல் நாள் செய்தால் காய நேரம் இருக்கும்.