ஏர்லைன் வேலை, யூனியன் வழக்கு, ‘கோர்ட்டுக்கு அதிகாரமில்லை’ மனு: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: டெக்சஸில் ஏர்லைன் மெக்கானிக் வேலை, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஷிஃப்ட் பிட் முறையை (வேண்டிய ஷிஃப்டை ஊழியர்கள் கேட்டுப் பெறும் முறை) கம்பெனி மாற்றியதால் யூனியன் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்று கம்பெனி மனுப் போட, ஜூரிஸ்டிக்‌ஷனல் டிஸ்கவரி (கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா என்று காட்ட எதிர்த்தரப்பிடம் ஆவணமும் சாட்சியமும் கேட்டு வாங்குவது) வேண்டும் என்கிறது யூனியன். மெசேஜ், ஃபோட்டோ எதையும் அழிக்காதீர்கள் என்று மெயில் வந்திருக்கிறது. நான் என்ன செய்யணும்?

பதில் 1: முதலில், என்.எல்.ஆர்.பி. (தனியார் துறைத் தொழிலாளர் தகராறுகளைப் பார்க்கும் ஃபெடரல் வாரியம்) ஆபீசுக்கு அலையாதீர்கள். இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் வரும், ஆனால் ஏர்லைன்கள் அதன் கீழ் வராது. ரயில்வேக்காக 1926-ல் வந்த ரயில்வே லேபர் ஆக்ட் 1936-ல் ஏர்லைனுக்கும் நீட்டிக்கப்பட்டது. உங்களுக்கு அதுதான் சட்டம்.

அதில் தகராறு இரண்டு வகை. புது ஒப்பந்தம் போடுவது, இருப்பதை மாற்றுவது ‘மேஜர்’. இருக்கிற ஒப்பந்தத்துக்கு என்ன அர்த்தம் என்பது ‘மைனர்’. மேஜர் என்றால் பேச்சுவார்த்தையும் மத்தியஸ்தமும் முடியும் வரை கம்பெனி பழைய நிலையை மாற்றக் கூடாது. மாற்றினால் கோர்ட் தடை போடலாம். மைனர் என்றால் விஷயம் சிஸ்டம் போர்டு (கம்பெனியும் யூனியனும் சேர்ந்து வைக்கும் நடுவர் குழு) ஆர்பிட்ரேஷனுக்குப் போய்விடும், எது சரி என்று கோர்ட் பார்க்காது; கம்பெனியின் ‘அதிகாரமில்லை’ மனு சொல்வது இதைத்தான். தீர்ப்பு வரும் வரை புது முறை பெரும்பாலும் அப்படியே ஓடும். அதனால்தான் இரண்டு பக்கமும் இதற்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள்.

எந்த வகை என்று பார்க்கும் அளவுகோல் 1989-ல் கான்ரெயில் என்ற ரயில் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கம்பெனியின் வாதத்துக்கு ஒப்பந்தத்தில் ஓரளவாவது இடம் இருந்தால் போதும், மைனர். அப்பட்டமான சாக்காக இருந்தால்தான் மேஜர். அந்த வழக்கே மருத்துவப் பரிசோதனையோடு போதைமருந்து டெஸ்டையும் சேர்த்தது பற்றித்தான். அதுவும் எழுத்தில் இருந்த ஷரத்தை வைத்து அல்ல, பழைய நடைமுறையை வைத்து முடிவானது.

டிஸ்கவரிக்கு வேலை வருவது இங்கேதான். ‘இந்த ஸ்டேஷனில் எப்பவுமே இப்படித்தான்’ என்று ஒரு மேனேஜர் சத்தியப் பிரமாணம் கொடுப்பார். அது உண்மையா, எந்தெந்த ஸ்டேஷனில், யூனியனுக்குத் தெரிந்து நடந்ததா, அப்போது ஆட்சேபித்தார்களா என்று சோதிக்கத்தான் யூனியன் அனுமதி கேட்கிறது. சாதாரணமாக ஃபெடரல் சிவில் விதி 26(எஃப்) சந்திப்புக்கு (டிஸ்கவரியைத் திட்டமிட இரு தரப்பும் கூடுவது) முன் டிஸ்கவரி கிடையாது. எதிர்த்தரப்பு சம்மதிக்கணும், இல்லை ஜட்ஜ் உத்தரவு வேணும். முழு வழக்கில் ஒரு தரப்புக்கு 25 இன்டராகேட்டரி (எழுத்தில் கேட்கும் கேள்வி), 10 டெபொசிஷன் (கோர்ட்டுக்கு வெளியே பிரமாணத்தில் எடுக்கும் சாட்சியம்), ஒவ்வொரு டெபொசிஷனும் ஒரே நாளில் 7 மணி நேரம் என்பது பொது வரம்பு. இந்தக் கட்டத்தில் அதில் ஒரு துண்டுதான் கிடைக்கும். கேட்க வேண்டியது சைடு லெட்டர்கள் (ஒப்பந்தத்தோடு சேர்த்துப் போட்ட துணைக் கடிதங்கள்), ஒப்பந்தப் பேச்சின்போது எடுத்த குறிப்புகள், இதே ஷரத்தில் முடிந்த கிரீவன்ஸ்கள் (ஒப்பந்தப்படி கொடுக்கும் புகார்கள்), பழைய பிட் ஷீட்கள், விதி 30(பி)(6)-ன் கீழ் கம்பெனி சார்பில் பேசும் ஒரு சாட்சி. ‘ஷெட்யூல் சம்பந்தப்பட்ட எல்லா மெயிலும்’ என்று கேட்டால், ஏதாவது சிக்குமா என்று துழாவுகிறார்கள் என ஜட்ஜ் மறுத்துவிடுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தோண்டத் தோண்ட ‘ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளவே இத்தனை காகிதம் வேணும் என்றால் அது ஆர்பிட்ரேட்டர் வேலைதானே’ என்று கம்பெனி வக்கீல் சொல்வார். அந்த வாதம் பலமானது. நடைமுறை என்று ஒன்று இருந்ததே இல்லை என்று காட்டும் நாலு காகிதம், நாலாயிரம் பக்கத்தைவிட உதவும்.

பதில் 2: கையில் இருக்கிற ஃபோனைப் பற்றி. வாட்ஸ்அப்பில் தானாக அழியும் செட்டிங்கை இன்றே நிறுத்துங்க. நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிட் ஷீட்டை யாராவது ஃபோட்டோ எடுத்திருந்தால், தேதியும் யூனியன் ஸ்டூவர்டு (வேலை இடத்தில் யூனியன் பிரதிநிதி) கையெழுத்தும் தெரிகிற அந்தப் படம்தான் தங்கம். அதை கிராப் பண்ணாதீங்க, ஒரிஜினல் ஃபைலாகவே வையுங்க. கம்பெனி சிஸ்டத்தில் இருப்பதைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீங்க; வேலைக்கே ஆபத்து. என்ன இருக்கு, எங்கே இருக்குன்னு யூனியன் வக்கீலுக்குச் சொன்னால் அவர் முறைப்படி கேட்டு வாங்குவார்.

சப்பீனா (ஆவணமோ சாட்சியமோ கேட்டு வரும் கோர்ட் சம்மன்) வந்தால் ஒதுக்கி வைக்காதீங்க. ஆவணம் கேட்டிருந்தால் ஆட்சேபம் 14 நாளுக்குள் போகணும், அதற்கு முன்பே கெடு வைத்திருந்தால் அதற்குள். கம்பெனி வக்கீல் கம்பெனிக்கு வக்கீல், யூனியன் வக்கீல் யூனியனுக்கு. டெபொசிஷனில் ஆங்கிலம் தடுமாறும் என்றால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்க. பதிவைப் படித்துத் திருத்தும் உரிமையை டெபொசிஷன் முடிவதற்குள் கேட்டு வையுங்க, அதற்கு 30 நாள் கிடைக்கும்.

குரூப்பில் ‘எல்லாரும் சிக் போடுவோம்’ (உடம்பு சரியில்லை என்று ஒரே நேரத்தில் லீவு போடுவது) என்று எழுதவே எழுதாதீங்க. 1999-ல் ரீனோ ஏர் என்ற ஏர்லைனைக் கம்பெனி வாங்கியது பற்றிய தகராறில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சிக் போட்டு, கோர்ட் தடை வந்த பிறகும் தொடர்ந்ததில், அவர்கள் யூனியனுக்கு விழுந்த தண்டம் சுமார் 4.55 கோடி டாலர்.

பதில் 3: யூனியன் வழக்கு நடக்கிறது என்று உங்கள் சொந்த கிரீவன்ஸ் கெடு தானாக நிற்காது. புது பிட்டால் ஓவர்டைம் போயிருந்தால் ஒப்பந்தத்தில் உள்ள நாளுக்குள் எழுதிக் கொடுத்து, தேதி போட்ட நகல் வாங்குங்கள். யூனியனே நியாயமாக நடக்கவில்லை என்று வழக்குப் போடவும் காலவரம்பு பொதுவாக 6 மாதம்தான்.

எல்லாமே ஆர்பிட்ரேஷனுக்குப் போகும் என்றும் இல்லை. ஹவாயன் ஏர்லைன்ஸ் மெக்கானிக் நாரிஸ், கீறல் விழுந்த ஆக்ஸில் ஸ்லீவைத் தேய்த்து மாட்டியதற்குக் கையெழுத்துப் போட மறுத்து வேலை இழந்தார். அவருடைய மாநிலச் சட்ட வழக்கு ஒப்பந்தத்தைச் சாராதது, எனவே கோர்ட்டிலேயே நடக்கலாம் என்று 1994-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பாதுகாப்புப் புகார், இனப் பாகுபாடு இருந்தால் தனி வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: டெக்சஸ் ரைட்-டு-வொர்க் ஸ்டேட் (யூனியன் சந்தாவைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டம் உள்ள மாநிலம்), சந்தா கட்ட வேண்டாம் என்கிறார்களே?

பதில் 1: ஏர்லைனுக்கு அது செல்லாது. ரயில்வே லேபர் ஆக்டின் 1951 திருத்தம் மாநிலச் சட்டத்தை மிஞ்சும். ஒப்பந்தத்தில் யூனியன் ஷாப் (சந்தா கட்டாயம் என்ற) ஷரத்து இருந்தால் சேர்ந்த 60 நாளுக்குப் பிறகு கட்டியாகணும், கட்டாவிட்டால் வேலை போகலாம். அரசியல் போல, ஒப்பந்தப் பேச்சுவார்த்தை வேலைக்குச் சம்பந்தமில்லாத செலவுக்கான பங்கை எழுத்தில் ஆட்சேபித்துக் குறைத்துக்கொள்ளலாம்.