நிஃப்டி புட் ஸ்பிரெட்: மார்ஜின் குறைவதால் லாட்டைக் கூட்டலாமா?

நொய்யல்கரை:
வணக்கம் நண்பர்களே. தனியாளாக வீட்டில் இருந்து வர்த்தகம் செய்கிறேன், வேறு வேலை இல்லை, கணக்கில் 4 லட்சம் இருக்கிறது. நிஃப்டி வாராந்திர புட்டை (நிஃப்டி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் வாங்கியவருக்குப் பணம் தரும் ஆப்ஷன் ஒப்பந்தம்) ஹெட்ஜ் (நஷ்டத்துக்கு எதிரான பாதுகாப்பு) இல்லாமல் இரண்டு லாட் விற்பதுதான் வழக்கம். பெரும்பாலும் அன்றைக்கே முடித்துவிடுவேன், சில சமயம் ராத்திரிக்கும் வைத்திருப்பேன். இனி ஸ்பிரெட்டாக, அதாவது ஒரு புட்டை விற்று அதைவிடக் கீழே உள்ள இன்னொரு புட்டை வாங்கி, போடலாம் என்று யோசிக்கிறேன். உதாரணத்துக்கு, நிஃப்டி 25,000-ல் இருக்கும்போது 24,800 புட்டை 82-க்கு விற்று, 24,600 புட்டை 38-க்கு வாங்கினால் 44 புள்ளி கையில் நிற்கும். லாட் (ஒரு ஒப்பந்தத்தின் அளவு) 65 என்றால் 2,860 ரூபாய். தனியாக விற்றால் ஒரு லாட்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் கேட்கிற மார்ஜின் (ஈடாகக் கணக்கில் முடக்கப்படும் பணம்), இப்படிப் போட்டால் ஐம்பதாயிரத்துக்குள் வந்துவிடுகிறது. அப்படியானால் இரண்டு லாட் போட்ட இடத்தில் எட்டு லாட் போடலாமே? நஷ்டத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. நான் கவனிக்காமல் விட்டது ஏதாவது உண்டா? இன்ட்ராடேக்கு (அன்றைக்கே முடிக்கிற வர்த்தகம்) இது சரிவருமா?

சந்தைமணி:
எட்டு லாட் வேண்டாம் நண்பரே. ஏன் என்று உங்கள் எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் (24,800, 24,600 என்ற ஒப்பந்த அளவுகள்) இடைவெளி 200, கையில் நிற்கும் பிரீமியம் (ஆப்ஷன் விலை) 44, ஆக ஒரு லாட்டில் அதிகபட்ச நஷ்டம் 156 புள்ளி, 10,140 ரூபாய். எட்டு லாட்டுக்கு 81,120. உங்கள் முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரே வாரத்தில், ஒரே வர்த்தகத்தில். இந்த முழு நஷ்டமும் வருவதற்கு எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடிகிற நாள்) அன்று நிஃப்டி 24,600-ல் முடிந்தாலே போதும். அதாவது 25,000-ல் இருந்து 1.6% இறக்கம், சாதாரணமான ஒரு மோசமான வாரம். இதே 81,120 ரூபாயை ஹெட்ஜ் இல்லாத அந்த இரண்டு லாட்டில் இழக்க வேண்டுமானால் நிஃப்டி 24,094 வரை போக வேண்டும். 3.6% இறக்கம். இரண்டில் எது அடிக்கடி நடக்கும் என்று பழைய சார்ட்டைத் திறந்து பாருங்கள். ஹெட்ஜ் என்ற பெயரில் ஆபத்தை உங்கள் வாசலுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறீர்கள்.

அதற்காக ஸ்பிரெட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் போடுங்கள். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள், நிஃப்டி ஒரே நாளில் 5.93% விழுந்து 21,884-ல் முடிந்தது. அதற்கு முந்தின நாள்தான் 3 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. 25,000-ல் இருந்து அந்த அளவு விழுந்து அங்கேயே எக்ஸ்பைரி ஆனால், இரண்டு லாட் தனி ஷார்ட்டில் (ஹெட்ஜ் இல்லாமல் விற்றதில்) ஒன்றரை லட்சத்துக்கு மேல் போய்விடும். இரண்டு லாட் ஸ்பிரெட்டில் 20,280-க்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போகாது. 38 புள்ளி கொடுத்து நீங்கள் வாங்கியது இந்தப் பாதுகாப்பைத்தான். மார்ஜின் மிச்சமாவது அதன் பக்க விளைவு. 2020 ஜூன் 1-ல் வந்த புதிய மார்ஜின் முறை, ஹெட்ஜ் உள்ள பொசிஷனுக்குச் சலுகை கொடுத்தது. கிளியரிங் கார்ப்பரேஷன் (வர்த்தகம் தீர்வதற்கு உத்தரவாதம் தரும் அமைப்பு) தன் பணத்துக்கு எவ்வளவு ஈடு போதும் என்று போடுகிற கணக்கு அது. உங்கள் முதலீடு எவ்வளவு அடி தாங்கும் என்பது அதில் எங்குமே வராது.

இன்னொன்று. 44 வருவதற்காக 156 வைக்கிறீர்கள். இரண்டு பக்கமும் முழுதாக முடிகிறது என்று வைத்தால் நூறில் 78 தடவை ஜெயித்தால்தான் செலவுக்கு முன்பே கணக்கு சமனாகும்.

ஒரு வர்த்தகத்தில் முதலீட்டில் 2 சதவீதத்துக்கு மேல் வைக்காதவன் நான். உங்களுக்கு அது 8,000 ரூபாய், 200 புள்ளி அகல ஸ்பிரெட்டில் ஒரு லாட்டுக்கே இடம் இல்லை. அகலத்தைக் குறையுங்கள். 24,800 விற்று 24,700-ஐ 57-க்கு வாங்கினால் 25 புள்ளி வரும், அதிகபட்ச நஷ்டம் 4,875. ஒரு லாட் தாராளமாகப் போடலாம்.

விலைப்பலகை:
மேலே சொன்னதில் எனக்கு ஒரு இடத்திலும் மாற்றுக் கருத்து இல்லை. இன்ட்ராடே கேள்விக்கு மட்டும் வருகிறேன், அதை யாரும் தொடவில்லை.

என் கருத்தில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வைத்திருப்பவருக்குக் கிரெடிட் ஸ்பிரெட் (பிரீமியம் கையில் வருகிற இந்த வகை) ஏற்ற ஆயுதம் இல்லை. விற்ற 24,800 புட்டின் டெல்டா (நிஃப்டி ஒரு புள்ளி அசைந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு அசையும் என்பது) சுமார் 0.30, வாங்கிய 24,600-ன் டெல்டா சுமார் 0.16 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கழிந்து மிஞ்சுவது 0.14. நிஃப்டி உங்களுக்குச் சாதகமாக 50 புள்ளி ஏறினாலும் கிடைப்பது 7 புள்ளி, லாட்டுக்கு 455 ரூபாய். உள்ளே போக இரண்டு ஆர்டர், வெளியே வர இரண்டு ஆர்டர். ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு என்றாலே 80, அதன்மேல் ஜிஎஸ்டி, விற்கும்போது எஸ்டிடி (பரிவர்த்தனை வரி), எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் சேர்ந்து நூறைத் தாண்டும். நான்கு ஆர்டரிலும் அரைப் புள்ளி வீதம் ஸ்லிப்பேஜ் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) போனால் இன்னொரு 130. ஆக நீங்கள் சரியாகக் கணித்த நாளிலும் பாதி வெளியே போய்விடுகிறது. பல்லாயிரம் பேரை இந்தச் செலவுதான் சத்தம் இல்லாமல் தின்கிறது. சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2023-24-ல் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகம்) செய்த தனிநபர் ஒருவர் செலவுக்கு மட்டும் சராசரியாக 26,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். அதே ஆய்வில், மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் 93% பேர் நஷ்டத்தில்.

அதனால் ஸ்பிரெட் போட்டால் இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள், நேர மதிப்பு (எக்ஸ்பைரி நெருங்க நெருங்கக் குறைகிற பிரீமியம்) கரைவதற்கு இடம் கொடுங்கள். அன்றைக்கே முடித்தாக வேண்டும் என்பது உங்கள் விதியானால் வேறு வழி பாருங்கள்.

அப்புறம், மார்ஜினைக் குறைக்க மட்டும் 23,500 புட்டை 3 ரூபாய்க்கு வாங்கி வைக்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. திரையில் மார்ஜின் குறையும், ஆனால் 24,800-க்கும் 23,500-க்கும் நடுவில் 1,300 புள்ளி திறந்து கிடக்கிறது. அதை ஹெட்ஜ் என்று எண்ணி லாட்டைக் கூட்டினால், தனியாக விற்பதைவிட மோசமான நிலைமை.

நொய்யல்கரை:
மிக்க நன்றி இருவருக்கும். 24,094 கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது, இந்தக் கோணத்தில் நான் பார்த்ததே இல்லை. 100 புள்ளி அகலம், ஒரு லாட், வெள்ளிக்கிழமை போட்டு வைத்திருப்பது என்று தொடங்குகிறேன். இரண்டு சந்தேகம். எந்த லெக்கை (இரண்டு புட்டில் எதை) முதலில் போட வேண்டும், எதை முதலில் எடுக்க வேண்டும்? எக்ஸ்பைரி நாள் வரை விடலாமா? வாங்குகிற புட்டை அடுத்த வாரத்துக்கு எடுத்து காலண்டர் ஸ்பிரெட்டாக வைத்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார்.

செவ்வாய்_எக்ஸ்பைரி:
போடும்போது முதலில் வாங்குங்கள், பிறகு விற்றுவிடுங்கள். எடுக்கும்போது தலைகீழ், விற்றதை முதலில் திரும்ப வாங்கிவிட்டு அதன்பிறகே வாங்கி வைத்ததை விடுங்கள். வரிசை மாறினால் ஒரு சில நொடிக்காவது நீங்கள் வெறும் ஷார்ட்டில் நிற்பீர்கள். பீக் மார்ஜின் (நாளில் அவ்வப்போது எடுக்கும் கணக்கில் மிக உயர்ந்த மார்ஜின்) அந்த நொடியில் எடுக்கப்பட்டால் அபராதம் வரலாம். பாஸ்கெட் ஆர்டர் (பல ஆர்டரைச் சேர்த்து அனுப்புவது) வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் அதற்குள்ளும் வரிசையைச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். சந்தை விழும்போது வாங்கிய புட் நல்ல லாபம் காட்டும், அதை மட்டும் விற்றுப் பையில் போட்டுக்கொண்டு, சந்தை திரும்பும் என்று ஷார்ட்டோடு காத்திருக்கத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். வாங்கிய புட் வேலை செய்ய வேண்டிய நேரமே அதுதான்.

எக்ஸ்பைரி விஷயத்துக்கு வருகிறேன். நிஃப்டி வாராந்திர எக்ஸ்பைரி 2025 செப்டம்பரில் இருந்து செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு முடிகிற இன்டெக்ஸ் ஆப்ஷனை ஷார்ட்டில் வைத்திருந்தால் 2% கூடுதல் மார்ஜின். 2024 நவம்பர் 20-ல் இருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. 25,000 × 65 என்றால் காண்ட்ராக்ட் மதிப்பு 16.25 லட்சம், அதில் 2 சதவீதம் 32,500 ரூபாய். ஹெட்ஜ் இருந்தாலும் இது உண்டு. ஒரு லாட் என்றால் உங்கள் கணக்கு தாங்கும். முதலில் சொன்ன எட்டு லாட் போட்டிருந்தால் செவ்வாய் காலையில் 2.6 லட்சம் கூடுதலாகக் கேட்டிருக்கும், 4 லட்சமும் ஏற்கெனவே மாட்டியிருக்கும், தரகரே பொசிஷனை வெட்டியிருப்பார், எந்த விலையில் வெட்டுவார் என்பது உங்கள் கையில் இருக்காது.

காலண்டர் ஸ்பிரெட் இப்போதைக்கு வேண்டாம். அருகில் உள்ள எக்ஸ்பைரி முடிகிற நாளில் காலண்டருக்கான மார்ஜின் சலுகை கிடையாது, 2025 பிப்ரவரி 1-ல் இருந்து எடுத்துவிட்டார்கள். திங்கள் மாலை வரை ஹெட்ஜாக எண்ணப்பட்ட அடுத்த வாரப் புட், செவ்வாய்க்கிழமை மார்ஜின் கணக்கில் வேறு பொசிஷன். தெரியாமல் வைத்திருப்பவருக்குக் காலையிலேயே பற்றாக்குறை காட்டும்.

என் வழக்கத்தைக் கேட்டால், வந்த பிரீமியத்தில் 60, 70 சதவீதம் லாபமாகிவிட்டால் திங்கட்கிழமையே முடித்துவிடுவேன். உங்கள் 25 புள்ளியில் 16 கிடைத்த பிறகு மீதி 9 புள்ளிக்காக 91 புள்ளியை (கிடைத்த 16, அதிகபட்ச நஷ்டம் 75) ஆபத்தில் வைத்து ஒரு நாள் உட்காருவதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. செவ்வாய் மதியத்துக்குமேல் விற்ற ஸ்ட்ரைக்குப் பக்கத்தில் நிஃப்டி சுற்றிக்கொண்டிருந்தால் 20 புள்ளி அசைவுக்கே பிரீமியம் இரட்டிப்பாகும். செட்டில்மென்ட் விலையும் (இறுதிக் கணக்கைத் தீர்க்கிற விலை) கடைசி அரை மணி நேர எடைச் சராசரியில் வருகிற குளோசிங், திரையில் கடைசியாகத் தெரியும் விலை அல்ல.

நொய்யல்கரை:
சரி, திங்கட்கிழமையே முடிக்கிறேன். காலண்டர் பக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை சந்தை திறந்த பிறகு உண்மையான பிரீமியத்தை வைத்துக் கணக்கை மறுபடி போட்டு, ஆர்டர் அனுப்புவதற்கு முன்னால் இங்கேயே பதிவிடுகிறேன், நேரம் இருந்தால் பாருங்கள்.