புது உப்புத்தண்ணீர் தொட்டியில் பழுப்புப் படலம்: மருந்து ஊற்றலாமா?

வடசேரி தொட்டி:
வணக்கம். நாகர்கோவிலில் வீட்டு முன்னறையில் மூன்றடித் தொட்டி வைத்திருக்கிறேன், ஏறத்தாழ 180 லிட்டர். முட்டத்திலிருந்து கேன்களில் கொண்டுவந்த கடல்தண்ணீர். இரண்டு நீமோ மீன், கொஞ்சம் நத்தை. மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இப்போது பூஜ்யம். ஆனால் மணல், கண்ணாடி, பாறை எல்லாவற்றிலும் பழுப்பாக ஒரு படலம். சாயங்காலம் துடைத்தால் மறுநாள் மதியத்துக்குள் திரும்ப வந்துவிடுகிறது. வற்றுகிற தண்ணீருக்கு வீட்டு போர்த்தண்ணீர்தான் ஊற்றுகிறேன். விளக்கு காலையிலிருந்து இரவு சாப்பாடு வரை எரியும். கடைக்காரர் பாசி கொல்லும் மருந்து ஒரு பாட்டில் தந்திருக்கிறார். ஊற்றலாமா?

தக்கலை ரீஃப்:
மணலை மொத்தமாக அள்ளி வெளியே போடுங்கள். கடற்கரை மணலில் பெரும்பாலும் சிலிக்காதான், இந்தப் பழுப்புக்கு அதுதான் தீனி. பவளமணல் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

குளச்சல் அண்ணாச்சி:
தம்பி, முதலில் அந்த மருந்தை எட்ட வையுங்கள். பாசி மருந்துகளில் பலவற்றில் செம்பு இருக்கும். நத்தையும் இறாலும் அதைத் தாங்காது. பாறையிலும் மணலிலும் செம்பு ஏறிவிட்டால் லேசில் போகாது, பிறகு அந்தத் தொட்டியில் பவளம் வைக்கும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். செம்பு இல்லாத மருந்தாகவே இருக்கட்டும், செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது டயட்டம், கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் பாசி. புதுத் தொட்டியில் முதலில் வருவது அதுதான். ஒவ்வொரு செல்லும் தனக்கு ஓடு கட்டச் சிலிக்காவை எடுக்கும். தண்ணீரில் சிலிக்கா தீர்ந்தால் படலமும் தானாக அடங்கும், பெரும்பாலும் சில வாரங்களில். நீங்கள் விடாமல் சிலிக்கா கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படி அடங்கும்?

தக்கலை நண்பர் மணலைச் சொல்கிறார். மணலில் சிலிக்கா குவார்ட்ஸ் என்கிற கெட்டிக் கல்லாக இருக்கிறது, அது அவ்வளவு மெதுவாகக் கரையும், அதைப் பெரிய காரணமாக நான் எண்ணவில்லை. இப்போது மணலைக் கிளறி அள்ளினால் அதில் குடியேறி மீன் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். எனக்குச் சந்தேகம் போர்த்தண்ணீர் மேல்தான். நம் மாவட்டத்தில் போர் பாறைக்குள் இறங்குகிறது. பாறையில் ஊறி வரும் தண்ணீரில் சிலிக்கா கரைந்தே வரும். தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது வெறும் தண்ணீர் மட்டும். நீங்கள் ஊற்றியதில் கரைந்திருந்தது அத்தனையும் உள்ளேயே தங்கும். தினமும் ஒரு லிட்டர் வற்றி ஒரு லிட்டர் ஊற்றினால் தினமும் சேர்ந்துகொண்டே போகும்.

குடிதண்ணீர் ஆர்ஓ இருக்கிறதே என்று அதிலிருந்து நேராகப் பிடிக்காதீர்கள். ருசிக்காக அதில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்து விடுகிற திருகு பலவற்றில் உண்டு. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின் குழாய் ஒன்றை மாட்டி, அளவு பூஜ்யம் காட்டுகிற தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். பிசின் தீரும் சமயத்தில் முதலில் தப்பி வருவது சிலிக்காதான், அதனால் மீட்டர் ஏறத் தொடங்கியதுமே மாற்றிவிட வேண்டும்.

கடல்தண்ணீரிலும் கவனம் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் கடல் கலங்கிக் கிடக்கும். ஆழத்துத் தண்ணீர் சத்தோடு மேலே ஏறிவரும் காலம் அது. மழை பெய்த கையோடு மணக்குடி, தேங்காப்பட்டணம் மாதிரி ஆறு சேரும் பக்கம் எடுக்கவே கூடாது. வள்ளத்தில் போகிறவர்களிடம் சொல்லிக் கரையை விட்டுத் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். மூடிய டிரம்மில் இருட்டில் சில வாரம் வைத்தால் மிதக்கும் உயிர்கள் செத்து அடியில் படியும். மேல்தண்ணீரை மட்டும் டியூபால் உறிஞ்சி எடுங்கள்.

விளக்கு எட்டு மணி நேரம் போதும். வாரம் ஒரு முறை பழைய டூத்பிரஷால் பாறையைத் தேயுங்கள், பழுப்பு புகை மாதிரிக் கிளம்பும். கிளம்பும்போதே டியூபை அருகில் பிடித்து உறிஞ்சிவிட வேண்டும். தேய்த்துவிட்டு அப்படியே விட்டால் அது வேறு இடத்தில் போய் உட்காரும்.

மார்த்தாண்டம் டீச்சர்:
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் டயட்டம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளி மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டு போதும். பொன்பழுப்பு நிறத்தில், கண்ணாடி ஓட்டோடு, நீள்வட்டமாகவோ ஊசியாகவோ இருந்தால் டயட்டம். சுழன்று சுழன்று நீந்தினால் டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்கிற வேறொரு நுண்ணுயிர். அது சளி மாதிரி நூலாகத் தொங்கும், உள்ளே குமிழி நிற்கும், தின்ற நத்தை சாகலாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமான தொட்டியில்தான் அது அதிகம் தலைதூக்கும், அதனால் அவற்றைத் துடைத்தெடுத்துவிட நினைக்காதீர்கள். கருஞ்சிவப்பாக ஏடு ஏடாக உரிந்து வந்தால் சயனோ பாக்டீரியா, அதற்கு நீரோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

வடசேரி தொட்டி:
ரொம்ப நன்றி. ஆர்ஓ தண்ணீரை அளந்தேன், 60 காட்டுகிறது. டிஐ குழாய் வாங்குகிறேன். பழுப்பு போனபின் பச்சை முடிப்பாசி வருமா? கடலிலிருந்து உயிர்ப்பாறை, அதாவது கடல் உயிர்கள் ஒட்டியிருக்கும் பாறை, நாலு எடுத்து வந்து போட்டால் பாசி குறையும் என்று ஒருவர் சொன்னார்.

குளச்சல் அண்ணாச்சி:
முடிப்பாசி வரலாம். அதற்குத் தீனி பாஸ்பேட்டும் நைட்ரேட்டும், அவை வருவது நீங்கள் போடும் இரையிலிருந்து. உறைந்த இரையை உருக்கி, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுப் போடுங்கள். உயிர்ப்பாறை மட்டும் வேண்டாம் தம்பி. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது, அது ஒட்டிய பாறையைக் கடலிலிருந்து பெயர்ப்பது குற்றம். காய்ந்த பாறையே போதும், பாக்டீரியா அதில் தானாகக் குடியேறும். படலம் அடங்கும்வரை புது மீன் எதுவும் விடாதீர்கள்.